எலும்புக்கூடா, சாரமா? விழுங்கு செல்லுக்குள் நடக்கும் வேலை

மார்ச் 2: ஒரு வாசகரின் கேள்வி

"பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல் ஒரு பாக்டீரியாவை விழுங்கும் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, சவ்வு குழிகிறது, பை ஆகிறது, செரிக்கும் நொதிகள் உள்ள லைசோசோம் வந்து சேர்கிறது என்று முடித்துவிடுவேன். இன்று ஒரு மாணவி, சைட்டோஸ்கெலிட்டனுக்கு இதில் வேலையே இல்லையா என்று கேட்டாள். அது செல்லின் எலும்புக்கூடு, உருவத்தைத் தாங்கும், அவ்வளவுதான் என்றேன். ஈரத்துணி கையில் ஒட்டுவது போல சவ்வு கிருமிமேல் ஒட்டிச் சுற்றிக்கொள்கிறது. அதற்கு எலும்புக்கூடு எதற்கு? நான் சொன்னது சரிதானே?"

மார்ச் 3, காலை

சரியில்லை, சார். மாணவி கேட்டதுதான் சரியான கேள்வி.

எலியின் மேக்ரோஃபேஜ்களுக்குக் கிருமிக்குப் பதிலாக நுண்ணிய லேடெக்ஸ் மணி ஊட்டுவதே சில வருடம் என் வேலையாக இருந்தது. மணியின்மேல் எதிர்ப்பொருள் பூசி, செல்கள்மேல் தூவி, 37 டிகிரியில் வைத்தால் சில நிமிடங்களில் மணி உள்ளே போய்விடும். அதே செல்களுக்கு முன்கூட்டியே சைட்டோகலாசின் டி கொடுத்து வைத்தால், மணி வந்து ஒட்டும். ஒட்டியபடியே கிடக்கும். அரைமணி நேரம் ஆனாலும் உள்ளே போகாது.

சைட்டோகலாசின் பூஞ்சையிலிருந்து கிடைப்பது. சைட்டோஸ்கெலிட்டனின் ஒரு பகுதியான ஆக்டின் என்ற புரத இழையின் வளரும் முனையில் போய் உட்கார்ந்து, புது ஆக்டின் சேராமல் அடைத்துவிடும். சவ்வு அப்படியே இருக்கிறது, மணியைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன, ஒட்டுதலும் நடக்கிறது. விழுங்குதல் மட்டும் இல்லை. ஈரத்துணி ஒட்டும்தான், ஆனால் அது தானாக மடிந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளாது.

"எலும்புக்கூடு" என்ற பெயர்தான் நம்மைத் தடுமாற வைக்கிறது. கட்டட வேலையில் சாரம் கட்டுவார்களே, அதை நினைத்துப் பாருங்கள். சவுக்குக் கம்பும் கயிறும். எந்தச் சுவரில் பூச்சு வேலையோ அங்கே கட்டுவார்கள், முடிந்ததும் அவிழ்த்து அதே கம்புகளை அடுத்த சுவருக்குத் தூக்கிப் போவார்கள். ஆக்டின் அப்படிப்பட்டது. 42 கிலோடால்டன் எடையுள்ள உருண்டைப் புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து 7 நானோமீட்டர் தடிமனுள்ள இழையாகின்றன. ஒரு முனையில் சேரும், மறுமுனையில் கழலும். கழன்றது வேறு இடத்தில் வேலைக்குப் போகும். 1942-ல் ஹங்கேரியின் செகெட் நகரில் புருனோ ஸ்ட்ராப் இதைத் தசையிலிருந்துதான் பிரித்தெடுத்தார். தசைக்கு உரியது என்று நினைத்த பொருள் நம் செல்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது.

மார்ச் 3, மதியம்

விட்டுப்போனது. சைட்டோகலாசினை டிஎம்எஸ்ஓவில் கரைத்துத்தான் கொடுப்போம். தடுத்தது அந்தக் கரைப்பான்தானோ என்று உங்கள் மாணவி கேட்கக்கூடும், கேட்க வேண்டும். வெறும் டிஎம்எஸ்ஓ கொடுத்த தட்டில் மணிகள் வழக்கம்போல உள்ளே போயின. இன்னொன்று: மருந்தைக் கழுவி எடுத்துவிட்டால் செல்கள் மறுபடி விழுங்கத் தொடங்கும். செத்துப்போனதால் சும்மா இருக்கவில்லை. சாரம் கட்ட முடியாததால் சும்மா இருந்தன.

மார்ச் 5

சாரம் கட்டச் சொல்வது யார்?

எதிர்ப்பொருளின் ஒரு முனை கிருமியைப் பிடிக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால் பகுதியை மேக்ரோஃபேஜின் எஃப்சி ஏற்பி பிடிக்கிறது. ஒரே ஓர் ஏற்பி பிடித்தால் போதாது. பல ஏற்பிகள் ஒரே இடத்தில் கூட வேண்டும். கூடியதும் அவற்றின் உட்புற வாலில் சார்க் குடும்ப நொதிகள் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன, அந்தப் பாஸ்பேட்டைப் பார்த்து சிக் என்ற நொதி வந்து சேர்கிறது, அங்கிருந்து செய்தி ராக், சிடிசி42 என்ற இரண்டு சிறிய புரதங்களுக்குப் போகிறது. இந்த இரண்டும் சுவிட்ச் மாதிரி. சிடிசி42 விழித்ததும் வாஸ்ப் புரதத்தை அவிழ்க்கிறது, வாஸ்ப் ஆர்ப்2/3 என்ற கூட்டுப்புரதத்தை எழுப்புகிறது. ஆர்ப்2/3 பழைய இழையின் பக்கவாட்டில் உட்கார்ந்து ஏறத்தாழ 70 டிகிரி கோணத்தில் புதுக்கிளை விடுகிறது. கிளைக்குக் கிளை. கருவேல முள்வேலி மாதிரி அடர்ந்து வளரும் அந்தக் கிளைக்கூட்டம்தான் சவ்வைப் பின்னாலிருந்து தள்ளி, கிருமியின் இரண்டு பக்கமும் கைகளாக நீட்டுகிறது.

பெயர்களை வகுப்பில் சொல்ல வேண்டாம். தேர்வுக்கும் வராது. ஆனால் இந்தப் பரிசோதனையைச் சொல்லுங்கள், எனக்கு மிகவும் பிடித்தது. எழுபதுகளின் நடுவில் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் சில்வர்ஸ்டைனின் குழு செய்தது. லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள்மேல் முழுக்க எதிர்ப்பொருள் பூசி மேக்ரோஃபேஜுக்குக் கொடுத்தார்கள். விழுங்கியது. பிறகு, பூசிய எதிர்ப்பொருள் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கித் தொப்பி மாதிரி நிற்கும் லிம்ஃபோசைட்டுகளைக் கொடுத்தார்கள். மேக்ரோஃபேஜ் அந்தத் தொப்பியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. விழுங்கவில்லை. அதாவது, தொடங்கிவிட்டால் தானாக முடியும் வேலை இல்லை இது. பேன்ட் ஜிப் போல ஒவ்வொரு பல்லும் அடுத்த பல்லுடன் கோக்க வேண்டும். பல் இல்லாத இடத்தில் ஜிப் நின்றுவிடும். சாரமும் அங்கேயே நின்றுவிடும்.

மார்ச் 6

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஆக்டின் தள்ளுவதைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு யாராவது கிருமியைச் சுற்றி எழும் சவ்வுக் கிண்ணத்தின் அடியிலும் விளிம்பிலும் எங்கும் ஆக்டினாகப் படம் வரைந்தால் தப்பு என்மேல்.

அடியில் ஆக்டின் இருக்கக் கூடாது. முதலில் இருக்கும், அப்புறம் கலைய வேண்டும். விளிம்பு முன்னேற முன்னேற, அடிப்பக்கத்து வேலியைப் பிரித்தாக வேண்டும். பிரிக்காவிட்டால் மணி அந்த வேலிக்கு வெளியே உட்கார்ந்திருக்கும், உள்ளே இறங்க வழியே இராது.

இதற்கு நல்ல ஆதாரம் உண்டு. வோர்ட்மேனின் என்ற பொருள் பிஐ3 கைனேஸ் நொதியைத் தடுக்கும். அதைக் கொடுத்த மேக்ரோஃபேஜ்கள் சின்ன மணிகளை ஓரளவு விழுங்கிவிடும். 3 மைக்ரோமீட்டருக்கு மேல் போனால் கிண்ணம் எழும்பும், பாதி வரும், அப்படியே நின்றுவிடும். வாய் மூடாது. சவ்வின் உட்புறத்தில் பிஐபி2 என்ற கொழுப்பு மூலக்கூறு இருக்கிறது, ஆக்டின் கட்ட உதவுவது. அதை வேறொன்றாக மாற்றிக் குறைப்பது இந்த நொதியின் வேலைகளில் ஒன்று. குறையாவிட்டால் அடியில் ஆக்டின் கலையாது, சிடிசி42 அணையாது. கட்டத் தெரிந்தும் பிரிக்கத் தெரியாத கொத்தனார் மாதிரி செல் நின்றுவிடுகிறது.

ஆகவே முதல் குறிப்பில் நான் சொன்ன சாரம் உவமையில் "அவிழ்த்து" என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். அன்று அதைப் போகிற போக்கில் எழுதினேன். அதுதான் பாதி வேலை.

மார்ச் 6, இரவு

சாருக்கு ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அரை மைக்ரோமீட்டருக்குக் குறைந்த துகள்கள், பல வைரஸ்கள் உட்பட, வேறு வழியில் உள்ளே போகின்றன. கிளாத்ரின் என்ற புரதம் சவ்வை வளைத்துப் பை ஆக்குவது அதில் ஒரு வழி. நீங்கள் வரையும் படம் அந்த வேலைக்கு ஏறக்குறைய பொருந்தும். பாக்டீரியா அளவுக்கு வந்தால் பொருந்தாது.

மார்ச் 9

"உள்ளே போய்விட்டது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு நான் இரண்டு மாத உழைப்பை விலையாகக் கொடுத்திருக்கிறேன்.

நுண்நோக்கியில் மேலிருந்து பார்க்கிறோம். செல்லின் பரப்புக்குள் ஒரு மணி தெரிகிறது. அது செல்லுக்குள் இருக்கிறதா, செல்லின் முதுகில் உட்கார்ந்திருக்கிறதா? மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எல்லாவற்றையும் "உள்ளே" என்று எண்ணி எழுதினேன். நூறு செல்லுக்கு எத்தனை மணி என்று பக்கம் பக்கமாக அட்டவணை. சைட்டோகலாசின் கொடுத்த தட்டிலும் கணிசமான மணிகள் "உள்ளே" இருப்பதாக வந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி, புதுப் புட்டி வாங்கச் சொல்லிக் கடிதம்கூட எழுதினேன்.

எங்கள் மேற்பார்வையாளர் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "வெளியே இருக்கிற மணிக்குச் சாயம் போட்டாயா?" போடவில்லை. செல்லை ஓட்டை போடாமல், மணிமேல் இருக்கும் எதிர்ப்பொருளைப் பிடிக்கும் ஒளிரும் சாயத்தை மேலே ஊற்ற வேண்டும். வெளியே இருக்கும் மணி ஒளிரும். முழுக்க உள்ளே போன மணியை சாயம் தொடவே முடியாது, அது இருட்டாக இருக்கும். திரும்பச் செய்தபோது சைட்டோகலாசின் தட்டில் ஏறக்குறைய எல்லா மணிகளும் பளிச்சென்று ஒளிர்ந்தன. புட்டியில் குறையில்லை. இரண்டு மாத அட்டவணையையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

இன்னும் எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் ஒட்டுவதும் விழுங்குவதும் வேறு வேறு என்பது மூளையில் ஏறியது அன்றுதான். அதற்கு முன் அது வெறும் வாக்கியம். பள்ளியில் ஒளிரும் சாயம் கிடைக்காது, சரி. ஆனால் இந்தக் கேள்வியை மட்டும் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்: மேலிருந்து பார்க்கிற நீ, மணி உள்ளே இருக்கிறது என்று எப்படிச் சொல்வாய்?

மார்ச் 10

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராஜர்ஸ் 1950-களில் எடுத்த சின்னப் படம் ஒன்று இணையத்தில் கிடைக்கும். சிவப்பணுக்களுக்கு நடுவே நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஒன்று ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவைத் துரத்துகிறது. நேற்று மகளுக்குப் போட்டுக் காட்டினேன். "பிடி, பிடி, அந்தப் பக்கம் போகுது பாரு" என்று நாற்காலியில் ஏறி நின்று கத்தினாள். சடுகுடு ஆட்டம் தோற்றது. துரத்தும்போது முன்னால் நீள்கிற அந்தக் கையும் அதே கிளைவிட்ட ஆக்டின்தான். ஓடுவதற்கும் விழுங்குவதற்கும் ஒரே கம்பு, ஒரே கயிறு.

மார்ச் 12

ஒரு திருத்தம், சின்னது இல்லை.

5-ஆம் தேதி கைகள் நீண்டு கிருமியைச் சுற்றுகின்றன என்று எழுதினேன். அது எஃப்சி ஏற்பி வழியின் கதை. இன்னொரு வழி உண்டு. இரத்தத்தில் இருக்கும் நிரப்புப் புரதங்கள் கிருமிமேல் படிந்தால், சிஆர்3 என்ற வேறோர் ஏற்பி பிடிக்கும். 1977-ல் வந்த எலக்ட்ரான் நுண்நோக்கிப் படங்களில் இந்த வழியில் கைகள் தெரியவில்லை. துகள் சேற்றில் கல் இறங்குவது போலச் செல்லுக்குள் அமிழ்ந்தது. 1998-ல் கரோனும் ஹாலும், எஃப்சி வழிக்கு ராக்கும் சிடிசி42-உம் வேண்டும், சிஆர்3 வழிக்கு ரோ என்ற வேறு சுவிட்ச் வேண்டும் என்று காட்டினார்கள். "ஒன்று கையால் அள்ளும், மற்றது அமிழ்த்தும்" என்று எல்லோரும் பாடம் எடுத்தோம். நானும் அப்படித்தான் எடுத்தேன்.

2019-ல் உயிருள்ள செல்களை நேரலையாகப் படம் எடுத்துப் பார்த்தபோது சிஆர்3 வழியிலும் சவ்வு மடிப்புகள் மேலே எழும்பித் துகளைச் சுற்றுவது தெரிந்தது. வேதிப்பொருளால் அசையாமல் நிறுத்திய செல்லில் பார்த்ததை வைத்து நாற்பது வருடம் அமிழ்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அமிழ்வது முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன், செல்லுக்குச் செல் மாறுகிறது. ஆனால் இரண்டு பெட்டி போட்டுப் பிரிக்கிற பாடத்தை நான் கைவிட்டுவிட்டேன்.

மார்ச் 15

"எவ்வளவு பெரியதை விழுங்கும்?" என்பதற்கு:

அளவைவிட வடிவம் பெரிய விஷயம். 20 மைக்ரோமீட்டருக்கும் பெரிய உருண்டை மணியை, அதாவது தன் அளவுள்ளதை, மேக்ரோஃபேஜ் விழுங்கிவிடும். உள்ளே சேமித்து வைத்திருக்கும் சவ்வை எடுத்து வந்து வெளியே சேர்த்துக்கொள்ளும். ஆனால் 2006-ல் கலிஃபோர்னியாவில் சாம்பியனும் மித்ரகோத்ரியும் நீள்வட்டம், தட்டு என்று பல வடிவத்தில் துகள் செய்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே நீள்வட்டத் துகளைக் கூர்முனைப் பக்கம் தொட்ட மேக்ரோஃபேஜ் சில நிமிடங்களில் விழுங்கியது. தட்டையான பக்கம் தொட்டது 12 மணி நேரத்துக்கு மேலாகியும் விழுங்கவில்லை, மேலே பரவிப் படுத்துக்கொண்டது. துகள் அதேதான். தொட்ட கோணம் மட்டும் வேறு. தட்டைப் பக்கத்தில் தொட்டால் செல் அடையைப் போலப் பரந்து போகிறது, ஆக்டின் கிண்ணமாக எழும்ப முடிவதில்லை.

கடினத்தன்மையும் கணக்கில் வரும். 2002-ல் பெனிங்கோவும் வாங்கும் ஒரே பொருளில் மென்மையான மணியும் கெட்டியான மணியும் செய்து கொடுத்தார்கள். மேக்ரோஃபேஜ் கெட்டியானதையே அதிகம் விழுங்கியது. அழுத்திப் பார்த்துத் தேங்காய் வாங்குவது போல, ஆக்டின் கை தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

இங்கே ஒரு வேதனையான இடம். ஆஸ்பெஸ்டாஸ் நார். நுரையீரல் மேக்ரோஃபேஜைவிட நீளமான ஊசி. ஒரு முனையிலிருந்து விழுங்கத் தொடங்கும், மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஜிப் மூடவே மூடாது. மூடாத வாய் வழியே செரிக்கும் நொதிகளும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளும் பக்கத்துத் திசுவில் கொட்டுகின்றன. முடியாத விழுங்கல் என்று இதைச் சொல்லலாம். வருடக்கணக்கில் அது நடக்கும்போது திசு தழும்பாகிறது, புற்றுநோய்க்கும் வழியாகிறது. நம் ஊரில் இன்னும் எத்தனை வீட்டுக் கூரை அந்த ஷீட். உடைக்கும்போதும் துளைக்கும்போதும் முகத்தில் துணிகூடக் கட்டாமல் செய்கிறவர்களைப் பார்த்தால் நான் நின்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

மார்ச் 16

ஊசி என்றதும் கீல்வாதம் ஞாபகம் வந்தது. மூட்டில் யூரிக் அமில உப்பு ஊசிப் படிகமாகப் படியும், நியூட்ரோஃபில்கள் அதை விழுங்கப் போய் வீக்கம் எடுக்கும். படிகம்தான் காரணம் என்று காட்ட ஃபேர்ஸும் மெக்கார்ட்டியும் 1962-ல் தங்கள் முழங்கால் மூட்டிலேயே அதை ஊசி போட்டுக்கொண்டார்கள். வலியில் துடித்தார்கள். சந்தேகம் தீர்ந்தது.

அதற்குக் கொடுக்கும் பழைய மருந்து கோல்சிசின். சாரத்தின் இன்னொரு பகுதியான நுண்குழல்களைக் கட்ட விடாமல் தடுப்பது. இது நம் செங்காந்தள் விதையில் இருக்கிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று கம்பிப் பந்தலில் ஏற்றி வளர்ப்பது இந்த விதைக்காகத்தான். நாம் மாநில மலர் என்று சொல்லும் பூ. கிழங்கும் விதையும் கொடிய விஷம், மாணவர்களிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நுண்குழல் 25 நானோமீட்டர் தடிமனுள்ள குழாய். கோல்சிசின் கொடுத்தாலும் எஃப்சி வழி விழுங்குதல் பெரும்பாலும் நடந்துவிடும், சிஆர்3 வழி தடுமாறும். நுண்குழலின் முக்கிய வேலை விழுங்கிய பிறகு. உள்ளே வந்த பையை டைனீன் என்ற மோட்டார் புரதம் இந்தத் தண்டவாளத்தில் இழுத்துச் செல்லின் நடுப்பக்கம் கொண்டுபோகிறது. லைசோசோம்கள் அங்கேதான் குவிந்திருக்கும். நீங்கள் "லைசோசோம் வந்து சேர்கிறது" என்று ஒரு வரியில் சொல்வது இந்தப் பயணத்தை.

மார்ச் 20

ஆக்டின் இவ்வளவு முக்கியம் என்பதற்கு எதிரிகளே சாட்சி. பிளேக் கிருமியான யெர்சினியா, தன்னைத் தொட்ட மேக்ரோஃபேஜுக்குள் ஊசி போன்ற உறுப்பால் புரதங்களைச் செலுத்துகிறது. அவற்றில் யாப்எச் என்ற புரதம் பாஸ்பேட்டுகளைப் பிடுங்குகிறது. யாப்ஈ ராக், ரோ சுவிட்சுகளை அணைக்கிறது. மேக்ரோஃபேஜ் உயிரோடு இருக்கும், கை மட்டும் எழாது. சால்மொனெல்லா நேர் எதிர். விழுங்கும் வழக்கமே இல்லாத குடல் செல்லில் அதே சுவிட்சுகளைப் போட்டுவிட்டு, எழும்பும் மடிப்புக்குள் தானே ஏறிக்கொள்கிறது.

மனிதரிலும் சாட்சி உண்டு. 5-ஆம் தேதி வாஸ்ப் என்று ஒரு பெயர் சொன்னேன். அது விஸ்காட்-ஆல்ட்ரிச் நோயின் பெயரிலிருந்து வந்தது. 1937-ல் விஸ்காட் விவரித்தார், 1954-ல் ஆல்ட்ரிச் அது எக்ஸ் குரோமோசோம் வழி வருவது என்று காட்டினார், மரபணு 1994-ல் கிடைத்தது. பெரும்பாலும் ஆண் குழந்தைகள். தோலில் கரப்பான், இரத்தத்தட்டுகள் சிறிதாகவும் குறைவாகவும் இருப்பதால் இரத்தக்கசிவு, திரும்பத் திரும்பத் தொற்று. அந்தக் குழந்தைகளின் மேக்ரோஃபேஜ்களில் விழுங்கும் கிண்ணம் சரியாக எழுவதில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையால் குணமானவர்கள் இருக்கிறார்கள். வெறும் தாங்குகம்பு என்று நினைத்த ஒன்றில் ஒரு பகுதி குறைந்தால் ஒரு குழந்தைக்கு என்ன ஆகிறது என்று உங்கள் மாணவிக்குச் சொல்லுங்கள்.

மார்ச் 24

பழைய பெட்டியில் ஆய்வக நோட்டு கிடைத்தது. நடுவே ஒரு புகைப்படம். ஃபல்லாய்டின் சாயம் போட்ட செல். அந்தச் சாயமும் ஒரு விஷக்காளானிலிருந்து வருவதுதான், ஆக்டின் இழையை மட்டும் பிடிக்கும். படத்தில் மணி உட்கார்ந்த இடத்தைச் சுற்றி வளையல் மாதிரி பளீரென்று ஒரு வட்டம், நடுவில் கறுப்பு. கீழே என் கையெழுத்தில்: "நடுவில் சாயம் பிடிக்கவில்லை. மறுபடி செய்ய வேண்டும்."

சாயம் சரியாகத்தான் பிடித்திருக்கிறது. அடியில் ஆக்டின் கலைந்துவிட்டது, பிடிக்க அங்கே எதுவும் இல்லை.

படத்தை இங்கே ஏற்றுகிறேன். கரும்பலகையில் வரையும்போது விளிம்பில் சாக்பீஸை அழுத்தித் தீட்டுங்கள். அடிப்பக்கம் முதலில் தீட்டிவிட்டு, மாணவர்கள் பார்க்கும்போதே டஸ்டரால் துடையுங்கள்.